குழையும் சணலும்: நல்லூர்ப் பகுதித் தோட்டச் செய்கையில் பசும்பசளையின் வரலாறு

யாழ்ப்பாணத்து வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அரசரையும் ஆலயங்களையும் பற்றியே எழுதினர். நல்லூர் என்றதும் சங்கிலியன் தோப்பும் யமுனா ஏரியும் மந்திரிமனையும் நம் நினைவுக்கு வருகின்றன. 1619இல் போர்த்துக்கேயர் அரசைக் கைப்பற்றியதும், 1621இல் பிலிப் டி ஒலிவேறா ஆட்சிப் பீடத்தை நல்லூரிலிருந்து யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு மாற்றியதும் பாடநூல்கள் பேசும் செய்திகள். ஆனால் அரசு அழிந்த பின்பும் திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில், அரியாலை ஆகிய ஊர்களில் மண்ணைக் கொத்தி வாழ்ந்த மக்கள், ஆண்டுதோறும் பயிர் கொண்ட அதே சிறு துண்டு நிலத்தை எவ்வாறு வளங்குன்றாது வைத்திருந்தனர் என்ற வினா அதிகம் எழுப்பப்படவில்லை. உழுவதினும் எருவிடுதல் நன்று என வள்ளுவர் உழவு அதிகாரத்தில் கூறியதை மேடைகளிற் பாராட்டுகிறோம். அந்த எரு எங்கிருந்து வந்தது, யார் அதனைச் சுமந்தனர், அதற்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்று கேட்பதில்லை. இக்கட்டுரை அவ்வினாவின் ஒரு கூறை, அதாவது பசும்பசளையையும் மூடுபயிரையும், வரலாற்று நோக்கில் ஆராய முற்படுகின்றது.

முதலிற் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். நிலம் வெறுமையாகக் கிடக்கும் காலத்தில் அதனை மூடி நின்று மழை அரிப்பையும் களையையும் வெயிலையும் தடுப்பது மூடுபயிர். பச்சையாகவே மண்ணுக்குள் புதைக்கப்பட்டு மக்குவது பசும்பசளை. ஒரே செடி இரண்டு பணிகளையும் செய்யலாம், சணல் அத்தகையது. யாழ்ப்பாணத்தவரோ வழக்கில் இவ்விரண்டையும் விட்டு, ‘குழை’ என்ற சொல்லையே கையாண்டனர். தோட்டத்திற் குழை தாழ்த்தல் என்றால் வேறிடத்திலிருந்து வெட்டி வந்த பச்சிலையை மண்ணிற் புதைத்தல் என்பது பொருள். ‘வேறிடத்திலிருந்து’ என்ற அம்சமே இவ்வரலாற்றின் திறவுகோல் என்பது எமது கருத்து.

பசுந்தழையால் நிலத்தை வளப்படுத்தும் அறிவு உலகிற் பழையது. உரோமாபுரியின் வேளாண் நூலாசிரியர்கள் லுபின் என்னும் அவரைக் குடும்பச் செடியை விதைத்து உழுதுவிடுமாறு கூறினர். கி.பி. ஆறாம் நூற்றாண்டில் சீனாவில் சியா சுசியே தொகுத்த வேளாண் நூல், பயறுவகைகளை விதைத்து மடக்கி உழும் முறையை விரித்துரைத்தது. ஏன் அவரையினம் மட்டும் நிலத்தை வளப்படுத்துகின்றது என்பதற்கு விடை 1886இல்தான் கிடைத்தது. ஜேர்மனியரான ஹெல்றீகல், அவற்றின் வேர்முடிச்சுக்களில் வாழும் நுண்ணுயிர்கள் வளியிலுள்ள நைதரசனைப் பற்றித் தருகின்றன என்பதை அவ்வாண்டில் அறிவித்தார். 1888இல் ஒல்லாந்தரான பைஜரிங்க் அந்தப் பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார். அறிவியல் விளக்கம் பிந்தியது. உழவனின் பழக்கம் முந்தியது.

இனி நல்லூர்ப் பகுதிக்கு வருவோம். திருநெல்வேலி, கோண்டாவில் பக்கத்தில் சுண்ணாம்புக்கற் படைக்கு மேலே செம்பாட்டு மண் பரந்துள்ளது. நீர் விரைவில் உட்புகும். விரைவில் கீழிறங்கியும் விடும். வெப்பத்தால் சேதனப் பொருள் வேகமாகச் சிதைந்து போவதால், இம்மண் இடுவதையெல்லாம் தின்று தீர்க்கும் மண் எனலாம். ஆறு கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரையான வடகீழ்ப் பருவமழையும், அம்மழை நிரப்பும் கிணறுகளுமே ஆதாரம். அரியாலைப் பக்கமோ கடனீரேரியை நோக்கித் தாழ்ந்த வயல்நிலம். அங்கு மழையை நம்பிய ஒருபோக நெல். ஒரே பிரதேசத்துக்குள் தோட்டம், வயல் என்ற இரு வேறு உலகங்கள் இவ்வாறு அருகருகே அமைந்தன. பசும்பசளையின் கதையும் இரண்டாகப் பிரிந்தது.

தோட்டத்தின் கதை பெரிதும் புகையிலையின் கதையே. ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்கும் அச்சை முதலிய இடங்களுக்கும் ஏற்றுமதியாகியது. வட இலங்கைத் தமிழரின் பொருளாதார அடித்தளங்களை ஆராய்ந்த சின்னப்பா அரசரத்தினம் முதலியோர் இவ்வணிகத்தின் முதன்மையை எடுத்துக்காட்டியுள்ளனர். புகையிலை மண்ணைப் பெரிதும் உறிஞ்சும் பயிர். அதனை ஆண்டுதோறும் அதே தறையில் நடவேண்டுமாயின் எரு மலையாகக் குவிய வேண்டும். இதற்கு யாழ்ப்பாண உழவன் கண்ட வழிகள் மூன்று. ஒன்று, பட்டி அடைத்தல்: ஆடுகளையோ மாடுகளையோ இரவில் தோட்டத்தில் அடைத்து, சில நாட்களுக்கொருமுறை பட்டியை இடம்மாற்றி, நிலமெங்கும் எருவும் மூத்திரமும் விழச் செய்தல். மற்றொன்று, பழைய ஓலை. வேலி அடைக்கும்போதும் வீடு வேயும்போதும் கழிக்கப்படும் பனையோலை வீணாகாது தோட்டத்திற் புதைக்கப்பட்டது. பனையோலை எளிதில் மக்காதாதலால் மண்ணைப் பொருபொருப்பாக வைத்து ஈரத்தைக் காத்தது. மூன்றாவதுதான் குழை. வேலியிற் கதியாலாக நின்ற பூவரசும் கிளுவையும் முள்முருக்கும், தரிசில் தானாக முளைத்த காவிளாயும் எருக்கும் வெட்டப்பட்டுத் தாழ்க்கப்பட்டன. காவிளாயைத் தமிழகத்தில் கொழுஞ்சி என்பர். பிற்காலத்தில் சீமைக்கிளுவையும் வேலிக்கு வந்து இவற்றுடன் சேர்ந்துகொண்டது.

இம்மூன்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. எரு தோட்டத்துக்குள் விளையவில்லை, வெளியிலிருந்து கொணரப்பட்டது. வேலியும் தரிசும் பனங்காணியும் மேய்ச்சலும் தம் வளத்தைத் தோட்டத்துக்கு ஈந்தன. ஏன் உழவன் தோட்டத்திலேயே ஒரு பசும்பசளைப் பயிரை விதைத்து மடக்கவில்லை? அறியாமையால் என்று சொல்வதற்கில்லை. காவிளாயின் குணத்தை அறிந்து தேடி வெட்டியவன் அதனை விதைக்கத் தெரியாதவனாக இருக்க முடியாது. நிலத்தின் அளவே காரணம். யாழ்ப்பாணத்திற் காணி ஏக்கரில் அன்று, பரப்பிற் பேசப்படுவது. தோட்டக்காணி பதினாறு பரப்புச் சேர்ந்தால் ஓர் ஏக்கர். நாலு பரப்போ ஆறு பரப்போ உடையவன் கிணற்றடித் தோட்டத்தை இரண்டு மாதம் சணலுக்குக் கொடுப்பது அந்த இரண்டு மாதத்து மரக்கறியையும் தினையையும் இழப்பதாகும். மூடுபயிரின் விலை விதையின் விலையன்று. அது காலத்தின் விலை. இன்றும் ‘செலவு குறைந்த மூடுபயிர் எது’ என்று கேட்போர் விதைக் கிலோவின் விலையை மட்டுமே விசாரிக்கின்றனர்.

குழை சுமப்பதற்குக் காலம் வேண்டியதில்லை, கை வேண்டும். அந்தக் கைகள் எவருடையவை? 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்சூன் தொகுத்த தேசவழமையில் காணி, ஈடு, கொடை பற்றிய விதிகளோடு அடிமைகள் பற்றிய விதிகளும் இடம்பெற்றுள்ளன. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிக்கப்பட்டது 1844இலேயே. அதற்குப் பின்னரும் குடிமை முறையின் பிணைப்பு நீண்டகாலம் நிலவியது. யாழ்ப்பாண உழவனின் கடும் உழைப்பை வெளிநாட்டு நூலோர் வியந்தனர். நம்மவரும் அப்புகழுரையை விருப்போடு எடுத்தாள்வர். ஆனால் துலா மிதித்து, எரு சுமந்து, குழை வெட்டியோரில் எத்துணைப் பேருக்கு அத்தறையில் ஒரு குழி நிலமேனும் சொந்தமாக இருந்தது என்ற வினாவை விடுத்து அப்புகழை ஏற்பது வரலாறாகாது. மலிவான எரு என்று நாம் சொல்வது மலிவான உழைப்பினால் மலிவானதே.

ஆங்கிலேயர் காலத்தில் பசும்பசளை பற்றிய எழுத்து இலங்கையிற் பெருகியது. ஆனால் அது தோட்டத்துக்காக அன்று, பெருந்தோட்டத்துக்காக எழுதப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேராதனைப் பரிசோதனை நிலையத்திலிருந்து ஹேர்பெட் றைற் தேயிலைக்கும் கொக்கோவுக்கும் இடையில் கிலுகிலுப்பை இனச் செடிகளை வளர்ப்பது பற்றி எழுதினார். பின்னர் விவசாயத் திணைக்களத்தின் இரசாயனவியலாளர் ஜோவாக்கிம், கந்தையா என்பாருடன் சேர்ந்து இலங்கை மண்களையும் பசும்பசளைச் செடிகளையும் பகுத்தாய்ந்தார். இறப்பரும் தென்னையும் நின்ற நிலங்களில் பியுராரியா, கலபகோனியம், சென்றோசீமா என்னும் படர்கொடிகள் மூடுபயிராயின. மலாயாவிலும் அவையே. மலாயாவிற் சம்பாதித்து நல்லூரில் வீடு கட்டிய ஓய்வூதியர் பலர் அக்கொடிகளைக் கண்ணாற் கண்டிருப்பர். ஆனால் நிரந்தர மரங்களுக்குக் கீழே ஆண்டுக்கணக்கிற் படரும் கொடி, மூன்று மாதத்துக்கொருமுறை கொத்தப்படும் வெங்காயத் தறைக்கு உதவாது. ‘மூடுபயிர்’ என்ற சொல் நமக்குப் பெருந்தோட்டப் பாடநூலின் வழியே வந்தமையால், சிறு தோட்டக்காரன் அதனைத் தனக்கு உரியதன்று எனக் கருதியதில் வியப்பில்லை.

வயலில் நிலைமை வேறு. காலபோக நெல் தையிலோ மாசியிலோ அறுவடையாகிவிடும். அதன்பின் அடுத்த விதைப்பு வரை அந்நிலம் வெறுமையாகக் கிடக்கும். அங்கே காலத்துக்கு விலையில்லை. அறுவடைக்குப் பின் மண்ணில் எஞ்சிய ஈரத்தில் சணலை எறிந்துவிட்டால் அது தானே வளரும், நீரிறைக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் உண்மையான பொருளில் மூடுபயிர் வேரூன்றியது இவ்வாறு வயலிலேயே. தென்மராட்சி வயல்களில் மாசி, பங்குனியில் சணல் மஞ்சளாகப் பூத்து நிற்கும் காட்சியைப் படம்பிடிக்க இன்று இளைஞர் கூட்டங்கூட்டமாகச் செல்கின்றனர். படத்துக்கு அழகான அந்நிலை பசளைக்குச் சற்றுப் பிந்திய நிலை என்பதையும் சொல்லிவைப்பது தகும். பூக்கத் தொடங்கும்போது, விதைத்த நாற்பத்தைந்து முதல் அறுபது நாட்களுக்குள், மடக்கி உழுதால் தண்டு இளசாக இருந்து விரைவில் மக்கும். அதற்குப் பின் நார் ஏறிவிடும். நார் மக்குவதற்கு நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனையே எடுத்துக்கொள்ளும். கயிறு திரிக்க நல்லது எருவுக்கு நல்லதன்று.

எண்களையும் பார்ப்போம், எண்ணின்றிப் பேசும் பழக்கம் வேளாண்மை பற்றிய நம் எழுத்தில் மலிந்துவிட்டது. தமிழ்நாட்டு வேளாண் பரிந்துரைகள் சணலுக்கு ஹெக்டேயருக்கு 25 முதல் 35 கிலோகிராம் விதையையும், 13 முதல் 15 தொன் பச்சைத்தழை விளைவையும் கூறுகின்றன. இதனைப் பரப்புக்கு மாற்றினால் ஏறத்தாழ முக்கால் கிலோ விதை, 350 கிலோ தழை. பச்சைத்தழையில் நைதரசன் நூற்றுக்கு அரைப் பங்கிலும் சற்றுக் குறைவு என்று கொண்டால், ஒரு பரப்புச் சணல் மண்ணுக்குத் தருவது ஒன்றரைக் கிலோ நைதரசன். யூரியாவில் 46 வீதம் நைதரசன் இருப்பதால், இது மூன்று கிலோவுக்குச் சற்று மேற்பட்ட யூரியாவுக்குச் சமம். அதிலும் ஒரு பகுதி செடி மண்ணிலிருந்தே எடுத்தது. எஞ்சியதும் முழுவதுமாக அடுத்த பயிருக்குக் கிட்டாது. ஆகவே சணலை விதைத்துவிட்டால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் வேறெதுவும் வேண்டாம் என்று எவரேனும் சொன்னால் அதனை நம்பற்க. அதே வேளை, சணலின் பயன் நைதரசனோடு முடிவதுமில்லை. தழை மண்ணின் நீர்பிடிக்கும் தன்மையைக் கூட்டும். புகையிலைக்கும் கத்தரிக்கும் மிளகாய்க்கும் பெரும் பகையான வேர்முடிச்சு வட்டப்புழு சணலின் வேரிற் பெருகாது. சணலுக்கு வேண்டிய வேர்ப் பற்றீரியா பயற்றினத்துக்கும் பொதுவானதாகையால் நம் மண்ணில் இயல்பாகவே உண்டு, விலைகொடுத்து வாங்கவேண்டியதில்லை.

குழையின் ஆட்சியை முறித்தவை இறைப்பு இயந்திரமும் பைப் பசளையும். துலா போய் இயந்திரம் வந்தபின், ஓராண்டில் ஒரு தறையில் எடுக்கும் போகங்கள் கூடின. 1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கா அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியமையால் மிளகாயும் வெங்காயமும் பொன் விளைந்தது போல் விலைபோயின. திருநெல்வேலிச் சந்தையும் செழித்தது, கல்வீடுகள் எழுந்தன. மானிய விலையில் யூரியா கிடைக்கும்போது குழை வெட்டுவார் யார்? 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கை விலையை வீழ்த்தியது. ஆனால் பசளைப் பழக்கம் மாறவில்லை. விளைச்சலைக் கூட்டியேனும் வருமானத்தைக் காக்க வேண்டிய நெருக்கடியில் உழவர் மேலும் மேலும் இட்டனர்.

அதன் பேறு கிணற்றிற் கண்டது. செம்பாட்டு மண்ணினூடு இறங்கும் நீர் நைத்திரேற்றையும் உடன்கொண்டு சுண்ணாம்புக்கற் படையிலுள்ள நிலத்தடி நீரைச் சேர்கின்றது. அந்நீரையே நாம் குடிக்கிறோம். 1988இல் விவசாயத் திணைக்களச் சஞ்சிகையில் நாகராஜா முதலியோர் வெளியிட்ட ஆய்வு, யாழ்ப்பாணத்துத் தோட்டப் பகுதிக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதைக் காட்டியது. உலக சுகாதார நிறுவனம் விதித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதனை மீறிய நீரிற் கரைத்த பால், கைக்குழந்தையின் குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கக்கூடும். மலக்குழிகளுக்கும் இதிற் பங்குண்டு. பழியை உழவன் தலையில் மட்டும் சுமத்தல் நியாயமன்று. ஆயினும் மூடுபயிரைப் பற்றிய நம் வினா இங்கேதான் கூர்மையடைகின்றது. ஆவணி, புரட்டாதியில் மிளகாயோ வெங்காயமோ எடுத்தபின் மண்ணில் எஞ்சிய நைத்திரேற்றை ஐப்பசி, கார்த்திகை மழை கழுவி இறக்கும். அக்காலத்தில் ஒரு பயிர் வேரூன்றி நின்றால் அது அதனை உறிஞ்சித் தன் உடலில் வைத்திருக்கும். பின்னர் மடக்கும்போது மண்ணுக்கே திருப்பித் தரும். வயலில் மாசியில் விதைக்கும் சணல் செய்யாத பணி இது.

இரசாயனப் பசளை இல்லாத யாழ்ப்பாணம் எவ்வாறிருக்கும் என்பதை இரண்டு சந்தர்ப்பங்கள் காட்டின. 1990இல் போர் மீண்டும் மூண்டதும் அரசாங்கம் வடக்குக்குத் தடைசெய்த பொருட்களின் பட்டியலில் பசளையும் இருந்தது. மண்ணெண்ணெயும் கிடைக்காத அந்நாட்களில் வேலிக்குழையும் மாட்டெருவும் மீண்டும் மதிப்புப் பெற்றன. முதியோரிடம் அறிவு இருந்தது. வேலிகளில் பூவரசும் இருந்தது. 1995 ஐப்பசி இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒருசேர இடம்பெயர நேர்ந்தபோது அந்த ஒழுங்கும் குலைந்தது. மறு ஆண்டு திரும்பியோர் பற்றைக் காடாகிய தோட்டங்களையே கண்டனர். வலிகாமம் வடக்கின் செம்பாட்டு நிலங்களிற் பெரும்பகுதி உயர்பாதுகாப்பு வலயத்துள் இன்னும் நெடுங்காலம் கிடந்தது.

இரண்டாவது சந்தர்ப்பம் 2021. அவ்வாண்டு மே மாதத்தில் கோட்டாபய ராஜபக்ச அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்து, நாடு முழுவதையும் சேதனப் பசளைக்கு மாறப் பணித்தது. நவம்பரில் தடையை விலக்க நேர்ந்தது. ஆயினும் அதற்குள் காலபோகம் தொடங்கிவிட்டமையால் நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. இரசாயனப் பசளையை ஆதரிப்போர் இதனைச் சேதன வேளாண்மையின் தோல்வி என்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. பசும்பசளை மே மாத ஆணைக்கு ஐப்பசியில் விளைந்துவிடுவதன்று. அதற்கு விதை வேண்டும், விதைக்கு முன்னாண்டிலேயே ஒரு நிலம் வேண்டும். 1990இல் இருந்த வேலிகளும் 2021இல் இல்லை. நல்லூர்ப் பகுதியிலே கதியால் வேலி மறைந்து சீமெந்து மதில் எழுந்துவிட்டது. ஒவ்வொரு மதிலும் ஒரு குழைக் களஞ்சியத்தின் சமாதி. தரிசுக் காணிகள் வீட்டு மனைகளாயின, ஆட்டுப்பட்டியும் அருகிவிட்டது. வெளியிலிருந்து வந்த எருவின் ஊற்றுக்கள் யாவும் அடைபட்டபின், எருவைத் தோட்டத்துக்குள்ளேயே விளைவிப்பதன்றி வேறு வழியில்லை. முற்காலத்து உழவன் கொடுக்க மறுத்த காலத்தின் விலையை இன்றைய உழவன் கொடுத்தே ஆகவேண்டும்.

இன்று புதிதாகத் தோட்டம் தொடங்குவோர் பலர் தந்தையிடமிருந்து தொழிலைக் கற்றவரல்லர். போரும் புலப்பெயர்வும் ஒரு தலைமுறையின் கைப்பழக்கத்தை அறுத்துவிட்டன. மூன்று பரப்புக் காணியோடு தொடங்கும் ஒருவர் மூன்றையும் சணலுக்குக் கொடுக்க இயலாது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு பரப்பை மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். முதல் மழையோடு புரட்டாதி இறுதியில் விதைத்தால் கார்த்திகை நடுவில் அது மடக்கும் பருவத்துக்கு வரும். இரண்டு கிழமை மக்கவிட்டு மார்கழியில் நடலாம். செம்பாட்டு மண்ணில் நீர் தேங்காதாகையால் சணல் அழுகாது; தாழ்ந்த காணியாயின் அழுகும். அங்கே நீரைத் தாங்கும் தக்கைப்பூண்டே தகும். சணல் விதை கிடைக்காதவர் பயறோ கௌபியோ விதைத்து, முதற் காயைக் கறிக்குப் பறித்துக்கொண்டு செடியை மடக்கலாம். நைதரசனிற் சிறிது குறையும், வட்டப்புழுவுள்ள நிலத்துக்கு அது நல்லதுமன்று. ஆனால் வீட்டில் ஒன்றும் குறையாது. காவிளாய்க்கு விதைத்தோல் கடினம். மணலோடு தேய்த்தோ, கொதிநீரில் சில நிமிடம் இட்டெடுத்தோ விதைத்தாலன்றி எளிதில் முளையாது. ஒருமுறை வேரூன்றிவிட்டால் விதை உதிர்ந்து தானே மறுபடி முளைக்கும். செலவு என்று பார்த்தால் அதனினும் மலிந்தது வேறில்லை.

விதையை ஆண்டுதோறும் வாங்கவும் வேண்டாம். மடக்கும்போது ஒரு மூலையில் இரண்டு குழி அளவு நிலத்தை விட்டுவைத்து முற்றவிட்டால், பெரிய கருவண்டுகள் வந்து மகரந்தம் சேர்க்க, காய்கள் உலர்ந்து உள்ளே விதை குலுங்கும். அந்த ஓசை கேட்டதும் வெட்டிக் காயவைத்துத் தட்டி எடுத்துக்கொண்டால், அடுத்த புரட்டாதிக்கு வேண்டிய முக்கால் கிலோ வீட்டிலேயே இருக்கும்.